சொரசொரப்பைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே பயிலும் மாணவன் ஒருவன் அகராதியைப் புரட்டி ‘ரஃப்’ என்னும் சொல்லுக்குப் பொருள் தேடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘கரடுமுரடான’ என்று காண்கிறான். பிறகு ‘ரகிட்’ என்னும் சொல்லைப் பார்க்கிறான்; அங்கும் ‘கரடுமுரடான’ என்றே இருக்கிறது. ‘கோர்ஸ்’, ‘ஹார்ஷ்’, ‘கிராகி’ ஆகியவற்றைத் தேடினாலும் பெரும்பாலும் இதே விடைதான். இழைக்காத பலகைக்கும், பரும்படியாக அரைத்த மாவுக்கும், செங்குத்தான மலைக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை எழுதிக்கொண்டு அவன் போய்விடுகிறான். ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை சொற்கள் என்று கேட்டால், ஆசிரியரும் ‘அம்மொழியின் வழக்கு அப்படி’ என்று சொல்லி நிறுத்திவிடுவதே மிகுதி.

ஆயினும் அச்சொற்கள் ஒரே பொருளன அல்ல. ஒன்று விலங்கின் உடம்பிலிருந்து வந்தது. ஒன்று துணிச் சந்தையிலிருந்து வந்தது. ஒன்று மலைநாட்டாரின் வாயிலிருந்து வந்தது. வேறு சில செடிநூல் வல்லார் இலத்தீனிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பிறந்த இடத்தின் வாசனை இன்றும் அவற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றில் ஆங்கிலேயர் எதனை இழிவென்றும் எதனை அழகென்றும் கருதினர் என்பதும், அக்கருத்து எப்படித் தலைகீழாக மாறியது என்பதும் அடங்கியிருக்கின்றன.

முதலில் ‘ரஃப்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் இது ‘ரூஹ்’ என்று வழங்கியது. அதன் முதற்பொருள் ‘மயிர் அடர்ந்த’ என்பது. கல்லோ பலகையோ அன்று எண்ணத்தில் முதலாக நின்றது. ஆட்டின் தோலும் கரடியின் முதுகும் மழிக்காத முகமுமே நின்றன. இதற்குச் சான்று வேண்டுவோர் ஈசாக்கின் மக்கள் கதையைப் பார்க்கலாம். தந்தையின் ஆசியைப் பெறத் தமையன் ஏசாவைப்போல் வேடமிடச் சொல்லும் தாயிடம், ‘அவன் உடம்பெல்லாம் மயிர் உள்ளவன், நானோ வழவழப்பானவன்’ என்னும் கருத்துப்பட யாக்கோபு கூறுகிறான் அல்லவா? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏசாவைக் குறிக்க வரும் சொல் ‘ரூஹ்’ என்பதே. 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் பதிப்பிலோ அவ்விடத்தில் ‘ஹேரி’ (மயிருள்ள) என்னும் சொல் அமர்ந்துவிட்டது. இடைப்பட்ட ஆறு நூற்றாண்டுகளில் ‘ரஃப்’ மயிரை விட்டுக் கல்லுக்கும் மரத்துக்கும் வழிக்கும் குடிபெயர்ந்துவிட்டதனால், மொழிபெயர்ப்பாளர்க்கு வேறு சொல் வேண்டியதாயிற்று. யாக்கோபுக்கு உரிய ‘ஸ்மூத்’ மட்டும் இரு பதிப்புகளிலும் ஒரே சொல்லின் வடிவாகவே நிற்கிறது.

இச்சொல்லின் எழுத்துக்கூட்டல் நம் பிள்ளைகளை அலைக்கழிப்பது யாவரும் அறிந்ததே. இறுதியில் ‘ஜி’, ‘எச்’ என்னும் இரண்டெழுத்தை எழுதிவிட்டு ‘ஃப்’ என ஒலிப்பானேன்? பழங்காலத்தில் அவ்விடத்தில் அடித்தொண்டையைத் தேய்த்து எழும் ஓர் ஒலி இருந்தது. ஏரியைக் குறிக்கும் ‘லோக்’ என்னும் சொல்லின் ஈற்றில் ஸ்காட்லாந்தியர் இன்றும் அத்தகைய ஒலியை எழுப்புகின்றனர். அவ்வொலியை எழுதவே அவ்விரண்டெழுத்தும் கூட்டப்பட்டன. பின்னாளில் சில சொற்களில் அவ்வொலி அறவே மறைந்தது. ‘ரஃப்’, ‘காஃப்’, ‘இனஃப்’ முதலியவற்றில் இதழொலியாக மாறியது. எழுத்து மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. ஜெர்மானியர் இதே வேரிலிருந்து பிறந்த தம் சொல்லின் ஈற்றில் ஒலியாது நின்ற ‘எச்’ எழுத்தை 1996-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில் நீக்கிவிட்டனர். ஆங்கிலேயர்க்கு அந்தத் துணிவு வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை.

‘ரகிட்’ என்பதும் மயிர்ச்சொல்லே. இது வட ஐரோப்பிய நாடுகளின் மொழியிலிருந்து வந்தது. சடை, கம்பளிக் கற்றை என்னும் பொருளுடைய சொல்லோடு உறவுடையது. தரையில் விரிக்கும் கம்பளிக்கு ஆங்கிலத்தில் ‘ரக்’ என்று பெயர் இருப்பதும் இவ்வுறவினாலேயே. ஷேக்ஸ்பியர் தம் ‘மாக்பெத்’ நாடகத்தில் ருசிய நாட்டுக் கரடிக்கு ‘ரகிட்’ என்று அடைகொடுத்திருக்கிறார். அதைப் படித்து ‘கரடுமுரடான கரடி’ என்று மொழிபெயர்ப்போர் உளர். கவிஞர் கண்முன் இருந்தது சடைபிடித்த கரடி. நூலின் காலமறிந்து பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது.

மயிரிலிருந்து கம்பளிக்கும் கம்பளியிலிருந்து துணிக்கும் நெடுந்தொலைவு இல்லை. இடைக்கால இங்கிலாந்தின் செல்வமே ஆட்டுமயிரில்தான் இருந்தது. பிரபுக்கள் சபையின் தலைவர் அமரும் இருக்கை கம்பளி மயிர் அடைத்த மூட்டையாகவே இருந்துவருவது அதன் நினைவு. அந்நாட்டு மக்கள் பரப்பின் தன்மையை விரலால் தடவி அறியக் கற்றது துணிச் சந்தையில் என்றால் மிகையாகாது. ‘ஜாகிட்’ என்னும் சொல் இன்று உடைந்த கண்ணாடியின் விளிம்புக்கும் கூர்ங்கூரான பாறைக்கும் வழங்குகிறது. தொடக்கத்தில் அது தையற்காரரின் சொல். ஆடையின் கரையை இலைபோலவும் பல்போலவும் கத்தரித்து அணிவது 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் செல்வரிடையே பெருவழக்காக இருந்தது. இவ்வாறு துணியை வெட்டி வீணாக்குவதைச் சாசர் தம் நூலில் வரும் சமயகுருவின் வாயிலாகக் கடிந்திருக்கிறார்.

இனி ‘கோர்ஸ்’. இதன் கதை நெஞ்சைத் தொடுவது. சற்றே விரிவாகக் காண்போம். ‘வழக்கமான போக்கு’ என்று பொருள்படும் மற்றொரு ‘கோர்ஸ்’ ஆங்கிலத்தில் உண்டு; இரண்டும் ஒலியால் ஒன்றே. முற்காலத்தில் எழுத்தாலும் ஒன்றாகவே இருந்தன. நயமான துணி, ‘வழக்கமான’ துணி என்று வணிகர் இருவகை பிரித்தனர் என்றும், அந்த ‘வழக்கமான’ என்பதே மெல்ல மெல்ல ‘மட்டமான’, ‘முரடான’ என்று பொருள் திரிந்தது என்றும் சொல்லாராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்வர். எல்லோரும் உடுப்பது எதுவோ அதுவே மட்டம் என்றாயிற்று! பிறகு அச்சொல் துணியை விட்டு உடுத்தவனையே பற்றிக்கொண்டது. ‘கோர்ஸ்’ பேச்சு, ‘கோர்ஸ்’ மனிதன் என்ற வழக்குகள் பிறந்தன. நாமும் ‘முரட்டுத் துணி’ என்கிறோம், ‘முரட்டு ஆள்’ என்கிறோம். ஆனால் நம் ‘முரடு’ பெரும்பாலும் வன்மையைச் சுட்டுவது. ஆங்கிலச் சொல்லோ பிறப்பையும் வளர்ப்பையும் சுட்டி இழித்துரைப்பது.

இச்சொல் சட்டத்திலும் ஏறியது. வட அமெரிக்காவில் தென் கரோலினா குடியேற்றத்தில் 1740-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அடிமைச் சட்டம், கறுப்பு அடிமைகள் எவ்வெத் துணிகளை உடுக்கலாம் என்று பெயர் சொல்லி வரையறுத்தது. அவற்றினும் நயமானதையோ விலையுயர்ந்ததையோ அவர்கள் அணியலாகாது. அப்பட்டியலில் ‘கோர்ஸ்’ என்னும் அடைமொழியும் இருக்கிறது. ‘ஆஸ்னபர்க்’ என்னும் துணியும் இருக்கிறது. ஜெர்மனியின் ஆஸ்னப்ருக் நகரின் பெயரால் வழங்கிய அம்முரட்டுச் சணல்நூல் துணியைப் பின்னர் ஸ்காட்லாந்தில் நெய்து, கடல் கடந்த தோட்டங்களுக்குக் கப்பலேற்றினர். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் தோலுக்குத் தெரிய வேண்டும், தான் யார் என்பது! அடிமையாகப் பிறந்து பின்னாளில் பெருங்கல்வியாளராக விளங்கிய புக்கர் வாஷிங்டன், 1901-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், சிறுவயதில் தமக்குக் கொடுக்கப்பட்ட சணல்நூல் சட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். புதுச்சட்டையை முதன்முதல் அணியும்போது உடம்பெல்லாம் நூறு முள் தைப்பது போன்ற வேதனையாம். அவருடைய தமையன் ஜான், தம்பியின் புதுச்சட்டையைத் தானே சில நாள் அணிந்து, முரட்டுத்தனம் தேய்ந்தபின் கொடுப்பாராம். உறவினர் ஒருவர்க்காக அடிமைகளுக்குள் ஒருவர் செய்த மிகப் பெருந்தன்மையான செயல்களுள் ஒன்றாக அவர் அதைக் குறிப்பிடுகிறார். ‘கோர்ஸ்’ என்பதன் பொருளை அகராதியில் தேடுவதைவிட அந்தச் சட்டையில் தேடுவது மேல்.

அகராதி என்றவுடன் ஜான்சன் நினைவுக்கு வருகிறார். 1755-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பேரகராதியில் ‘ரஃப்’ என்பதற்கு ‘ரகிட்’ என்பது பொருளுள் ஒன்று; ‘ரகிட்’ என்பதற்கோ ‘ரஃப்’ என்பதே முதற்பொருள். பேரறிஞரே இவ்வாறு சுற்றிவந்தார் என்றால் நம் மாணவனைக் குறைகூற இடமில்லை. தொட்டறிவதைச் சொல்லால் விளக்குவது அத்துணை அரிது. ஒரு நூற்றாண்டு கழித்து 1852-ஆம் ஆண்டில் ரோஜட் தம் சொற்களஞ்சியத்தை வெளியிட்டபோது, பொருள் விளக்கும் பொறுப்பையே விட்டுவிட்டு, வழவழப்புச் சொற்களை ஓரிடத்திலும் சொரசொரப்புச் சொற்களை அடுத்த இடத்திலும் குவித்துவைத்தார். அதுவும் ஒரு வழிதான்.

செடிநூலார்க்கு இந்தக் குழப்பம் பொறுக்கவில்லை. ஓர் இலையின் பரப்பு சிறு முட்கள் நிறைந்ததா, விறைத்த மயிர் உள்ளதா, சுருக்கம் விழுந்ததா என்று பிரித்துச் சொல்லாவிட்டால் ஒரு செடியை மற்றொன்றாகக் கொள்ள நேரும். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1751-ஆம் ஆண்டில் தம் நூலில் இத்தகைய இலத்தீன் சொற்களை வரையறுத்து வைத்தார். அவற்றை ஆங்கிலமாக்குவது எப்படி என்று ஒரு சிக்கல் எழுந்தது. லிச்ஃபீல்டு நகரில் எராஸ்மஸ் டார்வினும் அவர்தம் நண்பர் இருவரும் 1783 முதல் 1785 வரை லின்னேயஸின் நூலொன்றை மொழிபெயர்த்தபோது, இலத்தீன் சொற்களை ஆங்கில உருவில் அப்படியே எடுத்தாள்வது என்று துணிந்தனர். அவ்வூரிற் பிறந்த ஜான்சனிடமும் இதுபற்றி அறிவுரை கேட்டனர். கலைச்சொல்லாக்கத்தில் இன்று நம்மிடையே நடக்கும் வழக்காடல் அன்று அவர்களிடையேயும் நடந்தது காண்க. ‘ஸ்கேப்ரஸ்’, ‘ஹிஸ்பிட்’, ‘ரூகோஸ்’ என்பவை செடிநூலில் நிலைபெற்றவை. வீட்டிலும் தெருவிலும் எவரும் வழங்கார்.

இவ்விலத்தீன் அடைகளுள் ஒன்று நம் மரமொன்றின் தலையிலும் ஏறியிருக்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு அண்மையில், காவிரிக்கரையில் திருப்பராய்த்துறை என்னும் தலம் உண்டு. அதற்குப் பெயர்தந்த பராய் மரத்தின் இலை உப்புத்தாளைப்போல் சொரசொரப்பானது. மரச்சாமான்களைத் தேய்த்து மெருகேற்றவும் பயன்பட்டது. போர்ச்சுகல் நாட்டு லூரெய்ரோ 1790-ஆம் ஆண்டில் அதற்கு இட்ட பெயர் ‘ஸ்ட்ரெப்லஸ் ஆஸ்பெர்’. ‘ஆஸ்பெர்’ என்றால் இலத்தீனில் சொரசொரப்பானது. அதன் வழிவந்த ‘ஆஸ்பெரிட்டி’ ஆங்கிலத்தில் இருவேறு வாழ்வு வாழ்கிறது. உரையாடலில் அது குரலின் கடுமை. பொறியியலில், மெருகிட்ட உருக்கின் மேலும் பெருக்கிக் காட்டும் கருவியால் காணத்தக்க நுண்ணிய மேடுகள்.

இதுவரை கண்டவற்றில் சொரசொரப்புக்கு நன்மதிப்பு எங்கும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அறிஞர் கருத்தும் அதுவே. 1757-ஆம் ஆண்டில் எட்மண்ட் பர்க் அழகின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், வழவழப்பே அழகுக்கு இன்றியமையாதது என்றும், வழவழப்பற்ற அழகிய பொருள் ஒன்றும் தம் நினைவுக்கு வரவில்லை என்றும் கூறினார். அக்காலத்துப் பெருந்தோட்டங்களை அமைத்த பிரவுன் என்பார் மேடு பள்ளங்களை நிரவி, புல்வெளியைப் பட்டுவிரித்தாற்போல் ஆக்கிப் பிரபுக்களிடம் பெரும்புகழ் பெற்றார்.

இக்கருத்தை அசைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. வில்லியம் கில்பின் என்பது அவர் பெயர். கம்பர்லாந்து மலைநாட்டில் 1724-ஆம் ஆண்டில் பிறந்தவர். சீம் என்னும் ஊரில் நெடுங்காலம் பள்ளித் தலைவராக இருந்து, பிரம்படி மிகுந்த அக்காலத்திலேயே அதைக் குறைத்து, தவறு செய்த மாணவர்க்குத் தண்டம் விதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். விடுமுறைகளில் நாடெங்கும் சுற்றி ஓவியம் தீட்டி, பயண நூல்கள் எழுதினார். 1792-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட மூன்று கட்டுரைகளில் ஒரு கேள்வி எழுப்பினார். நேரில் பார்க்க அழகாக இருக்கும் பொருள்கள் பல, ஓவியத்தில் ஏன் சப்பென்று இருக்கின்றன? அவர் கண்ட விடை, ஓவியத்துக்கு உயிர் தருவது சொரசொரப்பே என்பது. பொருளின் மேற்பரப்புக்கு ‘ரஃப்’ என்றும் புறவடிவின் கோட்டுக்கு ‘ரகிட்’ என்றும் அவர் வேறுபடுத்தியும் காட்டினார். ஜான்சன் சுற்றிச் சுற்றி வந்த இடத்தில் கில்பின் ஒரு கோடு கிழித்தார்.

அவர் தரும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. வழவழப்பான புல்வெளியை ஓவியத்துக்கு ஏற்றதாக்க வேண்டுமானால் நிலத்தைக் கிளறுக. பூஞ்செடிக்கு மாறாக முரட்டு ஓக் மரங்களை நடுக. நடைபாதையின் ஓரத்தைச் சிதைத்து வண்டித்தடம் பதிக்க. கல்லையும் சுள்ளியையும் இறைத்துவிடுக என்கிறார். வை நதிப் பயணம் பற்றி 1782-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிலோ இன்னும் ஒருபடி மேலே போய்விட்டார். டின்டெர்ன் என்னும் இடத்தில் இடிந்துகிடக்கும் மடாலயத்தைப் பார்த்து, அதன் முகடுகள் இன்னும் மிக ஒழுங்காக நிற்கின்றனவே என்று வருந்தி, ஒரு சம்மட்டியை அறிவோடு பயன்படுத்தினால் நன்றாயிருக்கும், யார்தான் துணிவர் என்று கேட்கிறார்! பாதி இடிந்ததை மீதியும் இடிக்கச் சொல்லும் இரசிகரைக் கண்டு சிரிப்பு வருகிறதல்லவா? ஆயினும் மனிதர் கொடியவர் அல்லர். பின்னாளில் போல்டர் என்னும் சிற்றூரில் சமயகுருவாக இருந்தபோது, தம் ஓவியங்களை விற்ற பணத்தால் அவ்வூர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஏற்படுத்தினார்.

1794-ஆம் ஆண்டில் யூவ்டேல் பிரைஸ் இக்கொள்கையை மேலும் வளர்த்தார். விரைவில் படித்த குடும்பத்தார் யாவரும் பாறையைக் கண்டால் ‘ரகிட்’ என்று வியக்கக் கற்றுக்கொண்டனர். நாகரிகமாகப் பேசுவதற்கு எந்த அடைமொழியை எங்கே இடுவது என்பது ஒரு கலையாயிற்று. இதனை எள்ளி நகையாடியவர் ஜேன் ஆஸ்டென் அம்மையார். 1811-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் எட்வர்டு என்னும் இளைஞன், தனக்கு இந்தக் கலை தெரியாது என்றும், ஒழுங்கற்றது, ‘ரகிட்’ என்று சொல்லவேண்டிய நிலப்பரப்பை விகாரமானது என்று சொல்லிவிடுவான் என்றும் கூறுகிறான். கோணல் மரத்தையும் பாழ்குடிசையையும்விட நேரான மரமும் வசதியான உழவர் வீடுமே தனக்குப் பிடிக்கும் என்கிறான். ஓவியத்தில் அழகாகும் ஓட்டைக் கூரையின் கீழ் ஒரு குடும்பம் நனைந்துகொண்டிருக்கும் என்பதைக் கில்பின் கூட்டத்தார் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆஸ்டென் எண்ணியிருக்கிறார்.

சொல்லின் மதிப்போ உயர்ந்தது உயர்ந்ததே. மலைக்கு இட்ட அடைமொழி மனிதனுக்கும் பெருமையாயிற்று. 1928-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஹூவர் அமெரிக்கத் தலைவர் தேர்தலில் நின்றபோது, தன் காலில் நிற்கும் தனிமனிதக் கொள்கைக்கு ‘ரகிட்’ என்னும் அடையையே சேர்த்துப் பேசினார். கரடியின் சடை எங்கே, தேர்தல் மேடை எங்கே! ‘கோர்ஸ்’ என்பதற்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. அதை எவரும் மலைக்குச் சூட்டவில்லை.

‘கிராகி’ பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை. வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைவாழ் மக்களின் கெல்டிக் மொழிகளில் பாறைக்கு உள்ள பெயரே அது. ‘காருகேட்டட்’ என்பதோ இலத்தீனில் சுருக்கத்தைக் குறிக்கும் ‘ரூகா’விலிருந்து வந்தது. இலண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி பாமர் 1829-ஆம் ஆண்டில் நெளிநெளியான இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றதன் பின் அச்சொல் உலகெங்கும் சென்றது. மெல்லிய தகட்டை நெளித்தால் அது வளையாமல் பாரம் தாங்கும். மலாயாத் தோட்ட லயங்களின் தகரக் கூரை அவ்வாறு வந்ததே. அத்தோட்டங்களில் நம்மவர் நாள்தோறும் கையாண்ட மற்றொரு சொல் ‘ரிப்ட்’ என்பது. விலாவெலும்பு போல் வரிவரியாக மேடிட்டது என்பது பொருள். உறைந்த ரப்பர்ப் பாலை இறுதியில் வரிவெட்டிய உருளைகளினூடே செலுத்தினால், ஷீட்டின் மேல் வரிகள் விழும். புகைக்கூடத்தில் அது விரைவில் உலரும். அடுக்கி வைத்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. உலகச் சந்தையில் ‘ஆர்.எஸ்.எஸ்.’ என்று ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்த சரக்குக்கு முதலெழுத்துத் தந்தது இந்த ‘ரிப்ட்’ தான்.

ரஃப், ரகிட், ஹார்ஷ், கோர்ஸ், கிராகி, ஸ்கேப்ரஸ், ஆஸ்பெர், ரூகா. இவற்றை உரக்கப் படித்தால் ஓர் ஒலி மீண்டும் மீண்டும் வருவது புலப்படும். ‘ர’கர ஒலி அது. கிரேக்க அறிஞர் பிளேட்டோவே, வழுக்குதலையும் வழவழப்பையும் ‘ல’கர ஒலி காட்டுவதாகத் தம் ‘கிராட்டிலஸ்’ உரையாடலில் எழுதியிருக்கிறார். ஆனால் ‘ர’கரத்தை அவர் அசைவோடு சேர்த்தார். 2022-ஆம் ஆண்டில் போடோ வின்டர் முதலிய மொழியறிஞர் நால்வர் இதனை முறையாக ஆராய்ந்து வெளியிட்டனர். உலகின் பல குடும்பத்து மொழிகளை ஒப்பிட்டு, நாவை அதிரச் செய்யும் ‘ர’கரம் சொரசொரப்புச் சொற்களில் மிகுதியாகப் பயில்கிறது என்றும், இந்தோ ஐரோப்பிய மொழிகளில் இவ்வழக்குக் குறைந்தது 6000 ஆண்டுப் பழமை உடையது என்றும் கண்டனர்.

தமிழாசிரியர் இதைப் படித்தவுடன் கரடு, முரடு, சொரசொர, கொரகொர, நெருநெரு, பரல், பரு என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். எண்ணலாம், எண்ணும்போது ‘மேடுபள்ளம்’, ‘குண்டுகுழி’ என்பவற்றையும் சேர்த்து எண்ணவேண்டும். அவற்றில் ‘ர’கரம் இல்லை. ஆங்கிலத்தின் ‘ஜாகிட்’, ‘பம்பி’ என்பவற்றிலும் இல்லை. விரலுக்குத் தெரியும் சிறு சொரசொரப்புக்கும், காலுக்கும் வண்டிக்கும் தெரியும் பெரிய ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள வேறுபாடு இங்கே புகுந்திருக்கலாம் என்பது என் கருத்து.

தென் இங்கிலாந்தின் இக்காலப் பேச்சில் ‘ர’கரத்தின் அதிர்வு தேய்ந்துவிட்டது. ‘ஹார்ஷ்’, ‘கோர்ஸ்’ என்பவற்றில் அவ்வெழுத்து எழுத்தளவில் நிற்கிறதேயன்றி ஒலிப்பதில்லை. நம் பிள்ளை ஒருவன் தமிழ் நாவின் பழக்கத்தால் அவ்விடத்தில் ‘ர்’ என்று நன்றாக உருட்டிவிட்டால், ஆங்கில வகுப்பில் அவனைத் திருத்துவார்கள். ஸ்காட்லாந்தில் யாரும் திருத்தமாட்டார்கள்.